இரண்டு கிராம் துத்தநாகம்

ஏப்ரல் 2

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கிச் சமாளித்தோம். பத்து மணிக்கு மனைவி செண்பகத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தைராய்டு என்கிறார் சர்ஜன். ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். குத்தும்போது அவள் கண்ணை மூடவில்லை. மூடியது நான்தான்.

ஐந்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும் என்றார்கள். ஆட்டோவில் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் சாம்பார் வைத்தாள். பஞ்சை மூன்று முறை மாற்றினோம். சாம்பாரில் உப்பு கரித்தது. கொஞ்ச நாளில் இது எத்தனையாவது முறையோ. சொன்னேன். "நாளைக்குக் கொறைச்சுப் போடுதேன்" என்றாள்.

ஏப்ரல் 3

கழுத்தின் இடப்பக்கம் முழுவதும் கத்தரிக்காய் நிறம். காஸ் சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 6

ரிசல்ட் வந்துவிட்டது. சந்தேகப்படும்படியான செல்கள் இருக்கின்றனவாம். கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். "சீக்கிரம் எடுத்துரணும்" என்று சொல்லிக்கொண்டே வந்த சர்ஜன், செண்பகம் சேலைத் தலைப்பை விலக்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"சின்ன ஊசி குத்துனதுக்கே இப்படியா? இந்தக் கழுத்துல நான் கத்தி வைக்க முடியாது சார். ஆபரேஷன் முடிஞ்ச பெறகு உள்ள ரத்தம் தேங்குச்சுன்னா மூச்சுக்குழாய அமுக்கிரும். ரத்தம் ஏன் நிக்கலைன்னு மொதல்ல பாத்துட்டு வாங்க. ஆனா ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க."

கட்டி காத்திருக்காது. ரத்தம் நிற்காமல் கட்டியைத் தொடவும் முடியாது. இதை எழுத ஒரு வரிதான் ஆகிறது.

அவளை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். பின் டயரில் காற்று குறைந்த மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. முதல் பீரியட் போய்விட்டது.

ஏப்ரல் 9

ரத்த நோய் மருத்துவர் பியூலாவிடம் போனோம். என் வயதுதான் இருக்கும். சத்தமாகப் பேசுகிற பெண்மணி.

கிளம்புவதற்கு முன் செண்பகத்தின் கைகளுக்குக் காலமைன் லோஷன் தடவிவிட்டேன். பாளையங்கோட்டை வெயிலில் வேர்க்குரு ஒரு பக்கம், எங்கே இடித்தாலும் கன்றிப்போகிற புதுத் திட்டுகள் ஒரு பக்கம், பாவம் சொறிந்துகொண்டே இருக்கிறாள். செய்வதை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்பது என் கட்சி. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை ஓர் இடம் விடாமல் தடவினேன். காய்ந்ததும் ரோஸ் நிறத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது.

டாக்டர் அவள் காது மடலில் சின்னதாக ஒரு குத்து குத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை வடிதாளால் ஒற்றி எடுத்தார். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற அதே வட்டத் தாள். சிவப்புப் புள்ளிகள் தாளின் ஓரமாக வரிசையாக விழுந்தன. நல்ல ரத்தம் என்றால் புள்ளி வரவரச் சிறுத்து, நாலைந்து நிமிடத்தில் தாள் வெள்ளையாகிவிடுமாம். செண்பகத்தின் புள்ளிகள் சிறுக்கவே இல்லை. தாளை ஒரு சுற்றுச் சுற்றி முதல் புள்ளியை வந்து தொட்டுவிட்டன.

"ரத்தத்த நிறுத்துற தட்டணுக்கள் எண்ணிக்கை சரியா இருக்கு சார். ஆனா வேலை நடக்கல" என்றார் டாக்டர். "நீங்க வாத்தியார்தானே, உங்க பாஷையிலயே சொல்லுதேன். வருகைப் பதிவேட்டுல எல்லாரும் இருக்காங்க. வகுப்புல ஒருத்தரும் பேனாவத் தொடல."

பிறகு துருவித் துருவிக் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் குடல் முறுக்கிக்கொண்டு மதுரையில் வைத்துச் சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்ததைச் சொன்னோம். அதிலிருந்து அடிக்கடி வயிற்றுப்போக்கு. முடி கொட்டுகிறது. வாயோரம் வெடிப்பு, ஆறினால் மறுபடி வருகிறது.

"சாப்பாடு ருசியாத் தெரியுதாம்மா?"

"தெரியுது" என்றாள் செண்பகம், என்னைப் பார்த்துக்கொண்டே.

டாக்டர் பேனாவை மேசையில் தட்டினார். "எனக்கு ஜிங்க் மேல ஒரு சந்தேகம். குடல் கொறைஞ்சவங்களுக்கு அது உடம்புல சேராது. அது இல்லாட்டி தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு சரியா ஒட்டாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளுக்குத் துத்தநாகம் நடத்துகிறேன். அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் வரும், இரும்புத் தகட்டில் பூசினால் துருப்பிடிக்காது. கூரைத் தகரத்துக்கும் வாளிக்கும் உள்ள சாமானுக்கு என் மனைவியின் ரத்தத்தில் என்ன ஜோலி?

லேப் டெக்னீஷியன் இசக்கிமுத்து செண்பகத்தின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்தை அரைமணி நேரம் நானே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை விஷு. செண்பகம் மாங்காய்ப் பச்சடி வைத்தாள். வேப்பம்பூ வறுத்த சட்டியை நான்தான் இறக்கினேன். அவள் ஒரு பிடி அள்ளி அப்படியே வாயில் போட்டு மென்றாள், வறுகடலை தின்பதுபோல. முகம் சுளிக்கவே இல்லை. "கசக்கலையா?" என்று கேட்டேன். "வருசப் பெறப்புக்குக் கசப்பு நல்லதுதானே" என்றாள். தைரியசாலிதான்.

ஏப்ரல் 18

துத்தநாகம் குறையவே இல்லையாம். இருக்கவேண்டியதைவிட ஒரு பிடி கூடத்தான் இருக்கிறதாம். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது இல்ல. வேற ஏதோ" என்று சொல்லி, அடுத்து பார்க்கவேண்டிய சோதனைகளை எழுதினார். ரத்தம் விமானத்தில் சென்னைக்குப் போகிறது. நான் போனதில்லை.

வேதியியல் வாத்தியார் வீட்டில் துத்தநாகம் குறையுமா என்று செண்பகத்திடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்ததில் வாயோரம் வெடித்து ரத்தம் வந்தது. சாயங்காலம் தேர்தல் பணிக்குப் போகவேண்டும். அவளுக்குத் துணைக்கு எதிர்வீட்டு அம்மாளைச் சொல்லிவைத்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, இரண்டு பேர்தான்.

ஏப்ரல் 27

சென்னை ரிசல்ட் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. இத்தனை சரியாக இருக்கிற ஒருத்தியை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று யாரிடம் கேட்பது?

கட்டி இப்போது எலுமிச்சை அளவு. தாலிச் சங்கிலி அதன்மேல் உரசுகிறது என்று கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். கழற்றும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் செய்தித்தாளை இறக்கவில்லை. கயிறும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 30

தண்ணீர் வந்தது. தொட்டி கழுவினேன்.

மே 5

இன்று நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

செண்பகத்தின் தங்கை மரகதம் கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறாள். கடலை மிட்டாயும் வாயும் குறைவில்லாமல் கொண்டுவருகிறவள். காலையில் வழக்கம்போல அக்காளின் கைக்கு நான் லோஷன் தடவிக்கொண்டிருந்தேன். மரகதம் காப்பியோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்தான், என்ன, அக்காளுக்குப் பெயிண்டா அடிக்கீங்க? கொட்டகைத் தகரத்துக்குப் பூசுற மாதிரில்லா ஒரு எடம் விடாமப் பூசுதீங்க."

செண்பகம் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே பாட்டிலை மூடப்போனேன். மூடி கையிலேயே நின்றுவிட்டது.

துத்தநாகத்தின் முக்கியத் தாதுக்கள் யாவை? ஜிங்க் பிளண்ட், காலமைன். ஒரு மதிப்பெண் கேள்வி. வருடா வருடம் நானே கேட்கிறேன். தப்பாக எழுதுகிற பிள்ளைகளைப் பத்துத் தடவை எழுதச் சொல்கிறேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். காலமைன், ஜிங்க் ஆக்சைடு. பொடி எழுத்தில்கூட இல்லை, நன்றாகத்தான் போட்டிருக்கிறான்.

எந்தக் கையிலிருந்து ரத்தம் எடுத்துத் துத்தநாகத்தை அளக்கவேண்டுமோ, அந்தக் கையில் அன்று காலை துத்தநாகத்தைப் பூசி அனுப்பியவன் நான். ஊசி அந்தப் பூச்சின் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. தேடுவதோ தூசியிலும் தூசியான ஓர் அளவு. என் ஒழுங்கு அதை மூடிவிட்டது. ஒரு மாதம் போயிற்று. கட்டி நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சை ஆயிற்று.

மரகதத்திடம் காப்பி ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மே 6

டாக்டரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆமா மேடம், கை ரோஸ் பவுடரா இருந்துச்சு. ஸ்பிரிட் வச்சு ஒரு தொட தொடைச்சேன். போயிட்டுன்னுதான் நெனைச்சேன்."

"ஒங்க ரெண்டு பேரையும் சொல்லிக் குத்தமில்ல. நானும் அந்தக் கையப் பாத்தேன்லா" என்றார் டாக்டர். அது பெரிய மனசு.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் செண்பகத்தின் கையை நானே சோப்புப் போட்டுக் கழுவினேன். தோல் கிழிந்துவிடுமோ என்று பயம், பூச்சு மிஞ்சிவிடுமோ என்று அதைவிடப் பயம். இந்தச் சோதனைக்கென்று தனியாக இருக்கிற டியூபில் இசக்கிமுத்து ரத்தம் எடுத்தார். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்துகூடத் துத்தநாகம் இறங்குமாம். உலகமே துத்தநாகமாக இருக்கிறது, இவள் ரத்தத்தைத் தவிர.

ஆட்டோவில் வரும்போது செண்பகம் மெல்லச் சொன்னாள். "ஒரு விசயம் சொல்லுதேன், திட்டக்கூடாது. எனக்கு ஆறேழு மாசமா ஒண்ணுமே ருசிக்கல. எதப் போட்டாலும் மண்ணு மாதிரிதான் இருக்கு."

"டாக்டர் கேட்டப்போ தெரியுதுன்னியே?"

"ஒடம்புல இன்னொரு கொறையும் இருக்குன்னு ஒங்க முன்னாடி எப்படிச் சொல்ல?"

"அப்ப உப்பு எப்படிப் போடுத?"

"ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான். நீங்க முத வாய் சாப்பிடும்போது புருவத்தப் பாப்பேன். மறுநா அதுக்குத் தக்கன போடுவேன்."

ஆறேழு மாதமாக என் புருவத்தைப் பார்த்துச் சமைத்திருக்கிறாள். அதை நான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 11

இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை.

ஒரு குறையைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். இரண்டு மடங்காகக் கொடுத்தால் சீக்கிரம் ஏறுமா என்று கேட்டேன். "அதிகமாப் போனா செம்பு கொறைஞ்சுரும். அப்புறம் அதுக்கு ஒரு வைத்தியம் பாக்கணும். பூசுறது மாதிரிக் குடுக்காதீங்க சார்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அந்தத் துத்தநாகம் ரத்தத்தில் என்னதான் செய்கிறது என்று கேட்டேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். இருந்தும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னார். தட்டணுக்கள் ஒவ்வொன்றும் தனக்குள் கொஞ்சம் துத்தநாகத்தை முடிந்துவைத்திருக்கின்றன. ரத்தக்குழாயில் எங்காவது கிழிசல் விழுந்தால் அங்கே போய் ஒட்டி, முடிச்சை அவிழ்த்து அதைக் கொட்டுகின்றன. உடம்பு முழுவதும் இல்லை, கிழிந்த அந்த இடத்தில் மட்டும் துத்தநாகம் கூடுகிறது. அதைக் கண்டதும் மற்றத் தட்டணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் கரைந்து கிடக்கும் புரதம் நூலாகத் திரள்கிறது. துத்தநாகம் இருந்தால் நூல் சீக்கிரம் திரளும், தடிமனாகவும் திரளும். இது ஒன்று மட்டுமில்லை, சுண்ணாம்புச் சத்திலிருந்து எத்தனையோ பேர் சேர்ந்து இழுக்கிற தேர்தான், ஆனால் இதுவும் ஒரு வடம் பிடிக்கிறது என்றார்.

வேலை முடிந்ததும்? என்று கேட்டேன். அந்த இடத்தோடு நின்றுவிடும், அடுத்த இடத்துக்குப் பரவாது, பரவினால்தான் ஆபத்து என்றார். எங்கே தொடங்கவேண்டும் என்று தெரிவது பெரிதா, எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிவது பெரிதா? வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே 13

விடுமுறைதான், ஆனாலும் பள்ளிக்கூடம் போய் ஆய்வகத்தைத் திறந்தேன். காவலாளியிடம் ஸ்டாக் சரிபார்க்க வந்ததாகச் சொன்னேன்.

ஒரு மனித உடம்பில் இருக்கும் துத்தநாகம் மொத்தமும் ஏறக்குறைய இரண்டு கிராம் என்றார் டாக்டர். துத்தநாகத் துண்டுகள் இருக்கும் பாட்டிலை எடுத்து, தராசில் இரண்டு கிராம் நிறுத்தேன். நாலைந்து துண்டுதான். சாம்பல் நிறம், கோணல்மாணல், ஒரு பகட்டும் கிடையாது. பிள்ளைகள் கீழே சிந்திவிட்டால் பெருக்கிக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆளுக்கு இவ்வளவுதான். எலும்பிலும் சதையிலும் போனது போக, ரத்தத்தில் கரைந்து ஓடுவது இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதானாம். கத்தியால் ஒரு துணுக்கு சீவலாம் என்று பார்த்தேன். எவ்வளவு சின்னதாகச் சீவினாலும் அது அதிகமாகவே இருந்தது. கடைசியில் விரல் நுனியில் பளபளவென்று ஒரு பொடி ஒட்டியது, மூச்சு விட்டால் பறந்துவிடும். செண்பகம் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் அதற்குள்ளே இருக்கிறது. இருபத்தோரு வருடம் இந்த உலோகத்தின் பக்கத்தில் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை.

துண்டுகளைப் பாட்டிலில் திரும்பப் போட்டேன். தரையில் விழுந்த பொடியைப் பெருக்கவில்லை.

மே 29

இப்போதெல்லாம் சமையல் நான்தான். இன்று நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல உப்பு போட்டீங்களா இல்லையா? சப்புன்னு இருக்கு" என்றாள் செண்பகம். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாளே அரை நாள் லீவு. தலைமையாசிரியர் முகம் கோணினார். கோணட்டும்.

டாக்டர் மறுபடி காது மடலில் குத்தினார். நான் வடிதாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் புள்ளி கெட்டிச் சிவப்பு, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எனக்குச் சிறுத்த மாதிரி இருந்தது, ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம். நாலாவது மிளகு அளவு. அடுத்தது கடுகு. அதற்கும் அடுத்து, இருக்கிறதா இல்லையா என்கிற ஓர் இளஞ்சிவப்பு. அதன் பிறகு டாக்டர் ஒற்றி எடுத்த இடத்தில் வெறும் தாள்.

யாரும் போய் அதை நிற்கச் சொல்லவில்லை. கட்டுப் போடவில்லை, பஞ்சு வைத்து அழுத்தவில்லை. அந்தக் காது மடலுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாதவை ஆயிரம் ஆயிரமாக ஓடிவந்து, கையிலிருந்ததைக் கொட்டி, ஒன்றையொன்று பிடித்து, நூல் நூற்று, வாசலை அடைத்துவிட்டன. செண்பகம் அந்த நேரத்தில் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் அவளுக்குள் இது நடக்கிறது. எனக்குள்ளும் நடக்கிறது. சவரம் செய்யும்போது கீறிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் நடந்திருக்கிறது. நான் துண்டால் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"இப்ப சர்ஜன்ட்ட போங்க" என்றார் டாக்டர் பியூலா. எழுந்து நின்று கைகுலுக்கினார்.

ஜூன் 20

காலையில் ஆபரேஷன். கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டதாம். அது என்ன ஜாதி என்பது அடுத்த வாரம் தெரியும், எதுவாக இருந்தாலும் அது இனி இவள் கழுத்தில் இல்லை என்றார் சர்ஜன். "ரத்தம் நல்லபடியா ஒத்துழைச்சுது சார். ஆனா இன்னைக்குப் பொழுது போகணும். அதான் முக்கியம்."

மதியம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியின்மேல் காலணா அகலத்துக்குச் சிவப்பு. சிஸ்டரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் வந்தாள், சின்னப் பெண். பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அந்தச் சிவப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டத் தாண்டி ரத்தம் வந்துச்சுன்னா ஒடனே கூப்பிடுங்க சார். தாண்டலைன்னா பயமில்ல. அவங்களுக்கு மூச்சு வாங்குனாலோ, கழுத்து வீங்குனாலோ அப்பவும் கூப்பிடுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அந்த இடத்தைத்தான் அதிகம் பார்த்தேன். மரகதம் சாப்பாடு கொண்டுவந்தாள், வாங்கி வைத்தேன். ஜன்னல் வெயில் கட்டிலில் ஏறி, தலையணையில் ஏறி, சுவருக்குப் போயிற்று.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. சாயங்காலம் அதன் ஓரம் பழுப்பாகி உலர ஆரம்பித்தது. சிஸ்டர் வந்து குனிந்து பார்த்து, "நின்னுட்டு சார்" என்றாள், பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல. தினமும் பார்க்கிறவள்.

எனக்குக் கோயில் குளத்தில் அவ்வளவாக நாட்டமில்லை. திருவிழாவுக்குப் போனாலும் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிற ஆள். ஆனால் அந்தக் காய்ந்த சிவப்பின் முன்னால் என் கைகள் தானாகக் கூடிவிட்டன. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. செண்பகம் கண்ணைத் திறந்திருந்தாள்.

"யாரக் கும்பிடுதீங்க?" குரல் கரகரத்தது, ஆனால் அவள் குரல்தான்.

"ஒன்னத்தான்" என்றேன்.

"கூறுகெட்டுப் போச்சா? மரகதம் பாக்கா" என்றாள்.

பார்த்தால் பார்க்கட்டும் என்று கையை இறக்காமல் நின்றேன்.